ஜெயிக்காமலே பார்க்கக்கூடிய பெயர்

நான் பணியாற்றிய சட்ட நிறுவனத்திலிருந்து சென்ற வாரம் ஓர் இளம் வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், நேரில் பார்த்ததில்லை. வீடியோ கேம் ஆடும் கன்சோல் கருவிகளைத் தயாரிக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, ஏற்கெனவே ஒரு பகுதிப் பங்கு வைத்திருக்கும் கேம் ஸ்டுடியோவை முழுவதுமாக வாங்கப்போகிறதாம். ஒப்பந்த வரைவு அவருடைய மேசைக்கு வந்திருக்கிறது. அலுவலகத்தின் மாதிரி ஷரத்துகளைத் தேடியபோது ‘அம்மா ஷரத்து’ என்ற தலைப்பில் ஒன்று அகப்பட்டிருக்கிறது.

“சார், இது யாரோட அம்மா? கிளையண்டோட அம்மாவா? பாஸ்கிட்ட கேட்டா, ‘அது பெரிய கதை’ன்னு சொல்லிட்டு லஞ்சுக்குப் போயிட்டாரு.”

சுருக்கமாக விளக்கினேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னதில் சட்டப்படி குறையேதுமில்லை. ஆனால் அதில் மனிதர்கள் யாரும் இல்லை என்று பிறகு தோன்றியது. என் மனைவி வசந்தா காலமானதிலிருந்து வீட்டில் பேச்சு என்பது தொலைபேசி மணி அடித்தால்தான். அன்று மாலை மணி மறுபடி அடிக்கவில்லை. விட்டுப்போனதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இங்கே ஒரு பட்டம், லண்டனில் ஒரு பட்டம். திரும்பி வந்ததும் ராஃபிள்ஸ் பிளேஸில் ஓர் உயரமான கட்டடத்தில் மிஸ் லியோங்கின் கீழ் வேலை. தொழிலை அவரிடம்தான் கற்றேன். அல்லது அவருடைய புள்ளிகளிடம்.

மிஸ் லியோங் எந்த ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். விலை, தேதி, யார் யாருக்கு விற்கிறார்கள் என்பதெல்லாம் முன்பக்கங்களில் இருக்கும். அவற்றைத்தான் எல்லாரும் நூறு தடவை படிப்பார்களே என்பார். பின்பக்கங்கள் அப்படியல்ல. பழைய ஒப்பந்தத்திலிருந்து புதியதற்கு, எவருடைய கண்ணிலும் படாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பவை. ஜன்னலருகே நின்றுகொண்டு, வெந்நீர்க் குடுவையை விளிம்பில் வைத்துவிட்டு, பென்சிலுடன் படிப்பார். எதையும் அடிக்கமாட்டார், திருத்தமாட்டார். ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். அந்த வரியில் என்ன கோளாறு என்று நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். தவறாக ஊகித்துக் கொண்டுபோனால் முகம் பார்க்காமல் தாளைத் திருப்பித் தருவார். ஒருமுறை ஒரே தாளுடன் மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாவது தடவை இரக்கப்பட்டோ சலிப்புற்றோ அவர் கேட்டார்: “இந்த வரியை எடுத்துவிட்டால் யாருக்கு வலிக்கும்? வைத்திருந்தால் யாருக்கு வலிக்கும்? ஆளைச் சொல், பதவியைச் சொல்லாதே.”

அவரிடமிருந்து வேறு விளக்கம் எதுவும் நான் பெற்றதாக நினைவில்லை.

நிறுவனங்களை வாங்குவதும் விற்பதுமான வேலையில் என் தலை நரைத்தது. கதிரவன் எங்களிடம் வந்தது என் பணியின் கடைசிப் பகுதியில். முப்பத்தைந்து வயதிருக்கும், அலுவலகத்துக்குள் செருப்பில்லாமல் நடக்கிறவர். லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் கேம் ஸ்டுடியோ நடத்திவந்தார். கீழே சாப்பாட்டுக் கடை. மதியம் அவர்களுடைய கணினிகளுக்கெல்லாம் சாம்பார் மணம் ஏறியிருக்கும். அவர்கள் செய்த முதல் கேம் வெளிநாடுகளிலும் பேர் வாங்கியது. சதுப்புநிலக் காட்டில், நீரில் கால்நட்ட வீடுகளுக்கிடையே மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் படகில் தபால் கொண்டுபோகிறாள், கதை அவ்வளவுதான். ஒரு கன்சோல் நிறுவனம் அதைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோவில் சிறு பங்கு வாங்கியது. சில ஆண்டுகள் கழித்து மொத்தத்தையும் கேட்டது. கதிருக்கும் வேறு வழியில்லை. இரண்டாவது கேம் பாதியில் நின்றது. விற்பனை நடக்காவிட்டால் ஸ்டுடியோவை மூட வேண்டும், நாற்பது பேர் வேலை தேட வேண்டும். நான் விற்பவர்களின் வழக்கறிஞர்.

பகுதிப் பங்கு வாங்குகிறவர் நம் வார்த்தையை நம்பிக்கொள்வார். முழுவதையும் வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். கேம் ஸ்டுடியோவில் தட்டிப் பார்க்க மேசையும் நாற்காலியும் பொருட்டல்ல. ஓவியம், இசை, நிரல் ஆகியவற்றின் மீதான உரிமைதான் சொத்து. ஒவ்வொன்றையும் யார் செய்தார், செய்தபோது சம்பளத்தில் இருந்தாரா, இல்லையென்றால் உரிமையை எழுதிக்கொடுத்தாரா என்று சங்கிலி அறுபடாமல் காட்ட வேண்டும். கோப்புகளை மட்டும் பார்த்து இதைச் செய்ய எனக்குத் தைரியமில்லை. பெரிய திரையில் கேமை ஓடவிட்டு, கண்ணில் காதில் படுவதையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்பது என் வழக்கம்.

“இந்த வானம்?”

“நம்ம ஹஃபிஸ், சார். ஸ்டாஃப்தான்.”

“தவளைச் சத்தம்?”

“அது நான் சார்,” என்றார் கதிர். “கிராஞ்சி சதுப்புக் காட்டுக்குப் போய் ரெக்கார்ட் பண்ணேன். பஸ்ஸே கெடைக்கல, பாதி தூரம் நடை. ஒரு கொசு விடல.”

“அப்போ கம்பெனி பதிவாயிடுச்சா?”

“தவளைக்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமா சார்?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, திரையில் துடுப்பை நீரில் போட்ட பெண்ணைக் காட்டினேன். “இந்தப் பெண்?”

கேமை ஓட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“மெர்லின், சார்,” என்றார் கதிர்.

மெர்லின் கதிருடன் படித்தவர். தொடக்கப்பள்ளியில் ஓவிய ஆசிரியை. கம்பெனி என்ற ஒன்று பதிவாவதற்கு முன், சனி ஞாயிறுகளில் மாடியில் வந்து உட்கார்ந்து அந்தப் படகுப் பெண்ணையும், வீடுகளையும், காட்டின் வேர்களையும் வரைந்து கொடுத்திருக்கிறார். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. முதல் கேம் வெளியான சில மாதங்களில் ஒரு குறுகிய நோயில் இறந்துபோனார். திருமணமாகாதவர்; தந்தை முன்பே இல்லை. ஆகவே அந்த ஓவியங்களின் உரிமை, சட்டப்படி, தாயாரைச் சேர்ந்தது. மகளின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்ற ஆணை பெற்று, அந்த உரிமையை அவர் ஸ்டுடியோவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அது இல்லாமல் கன்சோல் நிறுவனம் கையெழுத்திடாது.

தாயார் ரெஜினா அம்மாள் தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடை வைத்திருந்தார். கதிருடன் போனேன். இரண்டு தையல் இயந்திரம், கொடியில் தொங்கும் ரவிக்கைகள், நாங்கள் நிற்பதற்குள் நிறைந்துவிடும் இடம்.

“வாங்க, உக்காருங்க. ஐயோ, அந்தத் துணி மேல இல்ல சார், அது கல்யாணப் பொண்ணுது. கதிரு, நீ நில்லு. ஒனக்கென்ன, வயசுப் பையன்தான.”

முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “அம்மா, நான் கதிரோட லாயர். உங்களுக்காக நான் பேசக் கூடாது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்க தனியா ஒரு லாயரைப் பாக்கணும்.”

“ஒரு லாயர் வந்ததுக்கே கடையில எடமில்ல. இன்னொருத்தரா?”

“கட்டாயம்மா. இல்லேன்னா நான் கையெழுத்து வாங்க மாட்டேன்.”

“சரி, எங்க சர்ச்சில ஒருத்தங்க ஃப்ரீயா பாப்பாங்க. அவங்ககிட்ட காட்டறேன். இப்ப என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க.”

தொகை பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கதிர் சொன்னதற்குத் தலையசைத்துவிட்டார். நான் ஷரத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிவந்தேன். இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். படைப்பாளி என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைக் கைவிடும் ஷரத்து அது. எல்லா ஒப்பந்தங்களிலும் இருப்பது. நானே எத்தனையோ முறை எழுதியது.

“அப்படின்னா பேரு போட மாட்டாங்களா?”

“போடாம இருந்தா நீங்க கேக்க முடியாது.”

“போடுவாங்களா, மாட்டாங்களா?”

“அது அவங்க இஷ்டம்மா.”

அவர் கதிரைப் பார்த்தார். கதிர் கொடியில் தொங்கிய ரவிக்கைகளைப் பார்த்தார்.

“படத்தை எடுத்துக்கட்டும், சார். எம்புள்ள வரைஞ்சதை நாலு பேரு பாக்கணும்னுதான் நானும் நெனக்கிறேன். ஆனா பேர விட்டுத் தரேன்னு நான் எப்படி எழுதிக் கொடுக்கறது? பேரு வச்சது நாங்கதான. அதை எடுத்துப் போடறதுக்கும் நானே கையெழுத்துப் போடணுமா?”

அதற்குப் பிறகு இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. கதிர் படிக்கட்டில் இறங்கும்போது, “ஆண்ட்டி சம்மதிச்சிருவாங்க, சார். கொஞ்ச நாள் குடுப்போம்,” என்றார். குறித்த நாளுக்குள் முடியாவிட்டால் வாங்குபவர் விலகிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். கொடுப்பதற்கு எங்களிடம் அதிக நாட்கள் இல்லை.

அன்று இரவு உணவின்போது வசந்தாவிடம் சொன்னேன். அலுவலக விஷயங்களை வீட்டில் பேசுவதில்லை. பெயர்களை விட்டுவிட்டு வேலையின் சிக்கலை மட்டும் சொல்வதுண்டு. இறந்துபோன பங்களிப்பாளர், அவருடைய வாரிசு, கைவிடும் ஷரத்து என்று விவரித்தேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுக் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?”

“பேரு சொல்லக் கூடாது.”

“எனக்குச் சொல்ல வேணாம். நீங்க அங்க போய் அந்தம்மாகிட்ட சொன்னீங்களா? இல்ல, அங்கயும் பங்களிப்பாளர்தானா?”

வசந்தா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அப்பளத்தை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் வரைவை மிஸ் லியோங்குக்கு அனுப்பினேன். அவர் அப்போது ஓய்வு பெற்று, ஆலோசகராக வாரத்தில் இருமுறை மட்டும் வந்துகொண்டிருந்தார். அதே ஜன்னல், அதே குடுவை. பிற்பகல் தாள் என் மேசைக்குத் திரும்பியது. முழு ஒப்பந்தத்திலும் ஒரே ஒரு புள்ளி. கைவிடும் ஷரத்தின் அருகில். இந்தத் தடவை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. எடுத்துவிட்டால் யாருக்கு வலிக்கும்? யோசித்துப் பார்த்தால் யாருக்கும் இல்லை. வாங்குபவரின் வழக்கறிஞருக்குச் சற்று அசௌகரியம், அவ்வளவே. வைத்திருந்தால் வலிக்கும் ஆள் தேக்கா மாடியில் இருந்தார்.

வாங்குபவரின் வழக்கறிஞர்கள் பண்பானவர்கள். திரையில் வரிசையாகத் தெரிந்த முகங்களில் மூத்தவரான பெண்மணி மிகப் பொறுமையாக விளக்கினார். அவர்களுடைய நிறுவனத்தில், கேமைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலுக்கென்று கொள்கை உண்டு. கேம் வெளியாகும் நாளில் பணியில் இருப்பவர்களின் பெயர்கள் மட்டுமே இடம்பெறும். இடையில் விலகியவர்களுக்கு இடமில்லை. ஒருவருக்கு விலக்கு அளித்தால் உலகெங்கும் அளிக்க வேண்டிவரும். நான் வாதாடவில்லை. சட்டம் இப்போது இந்த உரிமையைத் தெளிவாக ஏற்றிருக்கிறது என்பதையும், அதைக் கைவிடச் சொல்வதுதான் விலக்கே தவிர, கேட்பது விலக்கல்ல என்பதையும் மட்டும் எடுத்துக்காட்டினேன். பல அழைப்புகளுக்குப் பிறகு இறங்கிவந்தார்கள். மெர்லினின் படகுப் பெண்ணோ அவள் வாழும் சதுப்புநிலமோ இடம்பெறும் எந்தக் கேமிலும், இப்போதும் இனியும், மெர்லினின் பெயர் பட்டியலில் இருக்கும்.

வெற்றியோடுதான் தேக்காவுக்குப் போனேன். இந்தத் தடவை பெயரைச் சொல்லியே பேசினேன். ரெஜினா அம்மாள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“நல்லது சார். மெர்லின் பேரு எங்க வரும்?”

நான் கதிரைப் பார்த்தேன்.

“கடைசில வரும், ஆண்ட்டி. கேம் முடிஞ்சதும்.”

“முடிஞ்சதும்னா?”

“எல்லாத் தபாலையும் கொடுத்து முடிக்கணும். புயல் ஒண்ணு வரும், அதைத் தாண்டணும். அப்புறம் பேரெல்லாம் மேல போகும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“நல்லா ஆடறவங்களுக்கே ரெண்டு மூணு நாளாகும், ஆண்ட்டி.”

“எனக்கு?”

கதிர் மறுபடி கொடியில் தொங்கிய ரவிக்கைகளைப் பார்த்தார்.

“கேக்கறேன்ல. இதைத் தொட்டே பாக்காத கெழவிக்கு எத்தனை நாளாகும்?”

“ஆண்ட்டி, உங்களால... அந்தப் புயல் ரொம்ப கஷ்டம் லா. எங்க ஆபீஸ்லயே பாதிப் பேரு தாண்டல.”

“அப்ப எம்புள்ள பேரப் பாக்க நான் ஜெயிக்கணுமா?”

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரெஜினா அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

“அவ கல்லறையில வெயில்லயும் மழையிலயும் பேரு இருக்கு. போனா பாக்கலாம். யாரும் என்னை ஓடச் சொல்றதில்ல, குதிக்கச் சொல்றதில்ல. இதுல மட்டும் ஜெயிச்சவனுக்குத்தான் காட்டுவாங்களா?”

சட்டம் படித்து நரைத்த எனக்கு இது தோன்றவேயில்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டுமே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அதை யார் பார்க்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேம் செய்கிறவர்கள் எல்லாருமே ஜெயிக்கக்கூடியவர்கள். ஆகவே பெயர்களை வெற்றிக்குப் பின்னால் வைப்பது அவர்களுக்கு இயல்பாக இருக்கிறது. “முதல் திரையிலேயே ஒரு பட்டன் வைக்க முடியுமா?” என்று கதிரிடம் கேட்டேன். ஒரு பிற்பகல் வேலை என்றார். சில கேம்களில் அது ஏற்கெனவே உண்டாம். இவர்கள் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிற்பாடு அலுவலகத்தில் ‘அம்மா ஷரத்து’ என்று பெயர் பெற்ற அந்த வரியை அன்றே எழுதினேன். மேற்சொன்ன பெயர், விளையாட்டின் எப்பகுதியையும் ஆடாமலும் வெல்லாமலும், தொடக்கத் திரையிலிருந்தே எவரும் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும். எதிர்த்தரப்புப் பெண்மணி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, தம் தாயாரும் கேம் ஆடமாட்டார் என்றார். ஒப்புக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை: இந்த ஏற்பாடு மெர்லினுக்கு மட்டுமே, ஸ்டுடியோவின் வேறெவருக்கும் இது முன்னுதாரணமாகாது.

அந்த நிபந்தனை குறித்துக் கதிரிடம் தனியாகப் பேசினேன். கதவு இன்னும் திறந்திருக்கிறது. உங்களுக்கும் உங்களுடைய நாற்பது பேருக்கும் இதே உரிமையைக் கேட்கலாம், கேட்பது நல்லது என்றேன்.

“சார், ஆண்ட்டிக்குக் கெடைச்சதே பெரிசு. எங்களுக்கும்னு போனா மறுபடி மொத்தத்தையும் திறப்பாங்க. நாள் வேற நெருங்குது. சம்பளம் போடணும் சார். நாங்கதான் உள்ளயே இருக்கப் போறோமே, எங்க பேரு எங்க போகும்?”

கட்சிக்காரரின் முடிவு அது. என் ஆலோசனையை வழக்கப்படி எழுத்தில் அனுப்பிவைத்தேன்.

ரெஜினா அம்மாள் எங்கள் அலுவலகத்துக்கே வந்து கையெழுத்திட்டார். நீலச் சேலை, ஜெபமாலை சுற்றிய கைப்பை. அவருடைய தரப்பில் பார்த்த வழக்கறிஞரும் உடன் இருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகப் போட்டார்.

“இப்ப அந்தப் படகுக்காரி அவங்களோடவளா?”

“ஆமாம்மா.”

“பேரு மட்டும் எங்களோடது.”

“ஆமாம்.”

“மேடம்கிட்ட சொல்லுங்க சார், ரவிக்கை ஏதாவது இருந்தா குடுக்கச் சொல்லி. காசு வாங்க மாட்டேன்.”

காசு வாங்கினால்தான் தருவேன் என்று வசந்தா பிறகு அவரிடம் சண்டை பிடித்தே தைத்துக்கொண்டாள். விற்பனை குறித்த நாளில் நிறைவேறியது. எனக்கு அது கடைசிப் பெரிய ஒப்பந்தம்.

ஓய்வுக்குப் பின் வசந்தா நோயுற்றாள். அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அவள் போன பிறகு நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வங்கி, வீட்டுப் பத்திரம், தொலைபேசி இணைப்பு என்று மரணச் சான்றிதழுடன் ஒவ்வோர் அலுவலகமாகப் போனேன். எங்கும் கனிவாகவே நடத்தினார்கள். எங்கும் ஒரு தாளை நீட்டி, அவள் பெயரை நீக்க என் ஒப்புதலைக் கேட்டார்கள். வாழ்நாளில் முதன்முறையாக, படிக்காமல் கையெழுத்திட்டேன். வீடு திரும்பும் ரயிலில், பெயரை எடுப்பதற்கும் நானே கையெழுத்துப் போடணுமா என்ற ரெஜினா அம்மாளின் கேள்வி நினைவுக்கு வந்தது. தையல் கடையில் அதைக் கேட்டபோது துயரத்தின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் துக்கத்துக்கு வந்திருந்தார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கூட்டத்தின் பின்வரிசையில், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அழைத்தார்.

“சார், புதுசு வந்திருச்சாம். படகுக்காரி வர்ற ரெண்டாவது கேம். வாங்கி வச்சுட்டேன். நீங்களும் வந்து பாருங்க.”

செம்பவாங்கில் அவருடைய வீடு. ஞாயிறு பிற்பகல். தொலைக்காட்சிக்குக் கீழே கன்சோல். அதன் மேல் தூசி படாமல் பின்னல் துணி ஒன்று. காப்பி கொடுத்துவிட்டு, கடையில் சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்தினார். சதுப்புநிலம் வந்தது, முன்னைவிட ஆழமாக, இலைக்கு இலை அசைந்தது. மஞ்சள் மழைக்கோட்டு. அவர் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. கீழே நகர்த்தி, பெயர்கள் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

பட்டியல் மேலே ஏறத் தொடங்கியது. எந்தெந்த ஊர்களோ, எந்தெந்தப் பிரிவுகளோ. சற்று நேரம் போனதும் அவர் கையை நீட்டினார். மூல ஓவியங்கள் என்பதன் கீழ், அவருடைய மகளின் முழுப்பெயர். எழுத்து ஒன்றும் பிசகவில்லை. அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பெயர் மேலேறி மறைந்தது.

“ரொம்ப வேகம் சார். இதையும் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“கையெழுத்தாயிடுச்சேம்மா.”

சிரித்தார். மறுபடி முதலிலிருந்து போட்டார். இந்தத் தடவை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துவந்தார். மகளின் பெயர் போனது. பட்டியல் முடியும்வரை படித்தார்.

“கதிர் பேரு வந்துச்சா? நான் விட்டுட்டேனா?”

நான் விடவில்லை. முதல் தடவையே தேடியிருந்தேன். வாங்கிய பிறகு கன்சோல் நிறுவனம் வேலையைப் பல நாடுகளுக்குப் பிரித்துக்கொடுத்தது. டன்லப் ஸ்திரீட் மாடி காலியாயிற்று. கதிரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கேம் வெளியான நாளில் பணியில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டுமே பட்டியலில் இருந்தன. அவர்களைத் தவிர, ஷரத்தின் பலத்தில், மெர்லின். இதை அவரிடம் சொன்னேன்.

“கதிர்தான சார் ஆரம்பிச்சது.”

“ஆமாம்மா.”

உடனே தொலைபேசியை எடுத்துக் கதிரைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

“டேய், ஒன் பேரக் காணோம்.”

“தெரியும் ஆண்ட்டி.” மறுமுனையில் பேருந்தின் இரைச்சல். “பரவால்ல லா. மெர்லின் பேரு இருக்குல்ல? அது போதும்.”

“இருக்கு. தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லாம இருக்கு. ஹஃபிஸ் இல்ல, நீ இல்ல. யார் யாரோ இருக்காங்க. புள்ள தனியா நிக்குதுடா.”

மறுமுனையில், பேருந்தில் இறங்குவதற்கான மணி அடித்தது. பிறகு கதிர், “நான் வரேன் ஆண்ட்டி,” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் இருங்க சார். சாப்பிட்டுட்டுப் போலாம். வீட்டுல ஒரு வார்த்தை சொல்லி...” அவர் அங்கே நிறுத்திக்கொண்டார். நான் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.

திரும்பி வந்தபோது பட்டியல் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. அவர் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார்.

“கதிர் வர்ற வரைக்கும் ஓடட்டும் சார். அவ பேரு வர்றப்ப நாமளாவது இருப்போம்.”

உட்கார்ந்தேன்.